பெயர் பொருந்தினால்தான் வண்டி ஓடும்

"மிஸ், வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். லைசன் எடுக்கத்தான் வழி தெரியல."

2021 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு மாலை நேரம். நோர்வூட்டுக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில், மேட்டு லயத்தின் வாசலில் சிறுசேமிப்புக் குழுக் கூட்டத்தை முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வந்து நின்ற ஓர் அக்காதான் இப்படிச் சொன்னார்.

"என்ன வண்டி அக்கா ஓட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"லாண்ட்மாஸ்டர்" என்றார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தம்முடைய பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறேன். 1981 இல் இதே தோட்டத்தில் பிறந்தவர். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னர் பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு வன்செயலின் பின்னரும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அதுவும் ஒன்று. அங்கேயே வளர்ந்தார், அங்கேயே வாழ்க்கைப்பட்டார். கணவர் லாண்ட்மாஸ்டரில் கூலிக்கு நெல்லும் விறகும் ஏற்றியவர். அவர்தான் மனைவிக்கும் ஓட்டப் பழக்கினார்.

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போகும்போது கணவரின் காலில் ஷெல் துண்டு பட்டது. காயப்பட்ட கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்புவரை லாண்ட்மாஸ்டரை ஓட்டிப் போனவர் இந்த அக்காதான்.

"அன்னைக்கு யாரும் எங்கிட்ட லைசன் கேக்கல மிஸ்."

அதே ஆண்டு ஏப்ரலில் கணவர் இறந்துபோனார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2012 இல் சித்தியின் லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்தார். பேர் போட்டுக் கொழுந்து பறித்தார். தோட்டத்துக்குக் கீழே கடை வைத்திருந்த ஒருவரிடம் மூன்று முச்சக்கர வண்டிகள் இருந்தன. "லைசன் இருந்தா ஒரு வண்டிய உன்கிட்டத் தாரேன், நாள் வாடகை குடுத்தாப் போதும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை நம்பித்தான் அக்கா என்னிடம் வந்தார்.

ஓட்டத் தெரிந்த ஒருவர் கையில் அட்டை வர இரண்டு வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்தைத் தின்றது பரீட்சை அல்ல, பெயர். நீங்கள் முல்லைத்தீவில் இருந்தாலும், மட்டக்களப்பில் இருந்தாலும், மஸ்கெலியாவில் இருந்தாலும் இதே கல்லில் இடறக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தையல் இயந்திரத்துக்கு அப்பால்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ வாழ்வாதாரத் திட்டங்களுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதியிருக்கிறேன். குடும்பத் தலைமை தாங்கும் பெண்கள் என்றால் கொடுக்கப்படுவது பெரும்பாலும் மூன்றுதான்: தையல் இயந்திரம், கோழி, ஆடு. மூன்றும் வீட்டு வாசலைத் தாண்டாத தொழில்கள். பெண் வெளியே போய் உழைப்பதை நம்முடைய திட்டங்களே நினைத்துப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பெண்ணொருத்தி ஸ்கூட்டியில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையகத்தில் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் வாகனத்தின் தேவை இங்கேதான் அதிகம். தோட்டத்து லயங்கள் பிரதான வீதியிலிருந்து மைல் கணக்கில் மேலே இருக்கின்றன. பிரசவ வலி கண்ட பெண்ணை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நள்ளிரவில் முச்சக்கர வண்டிக்குச் சொல்லி அனுப்பும்போது, ஓட்டுபவர் குடித்திருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொள்ளும் நிலை எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வண்டியை ஒரு பெண் ஓட்டினால் எவ்வளவு நிம்மதி!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கக் கணவரின் கையொப்பமோ, தகப்பனின் சம்மதமோ, ஆண் பொறுப்பாளர் ஒருவரோ தேவையில்லை. 18 வயது நிறைந்த பெண் தன் பெயரில் தானே விண்ணப்பிக்கலாம். இதை அறியாமலே பல பெண்கள் பின்வாங்கி விடுகிறார்கள்.

முதற்படி எங்கே இருக்கிறது?

அனுமதிப்பத்திரம் என்றதும் எல்லோருக்கும் ஸ்டியரிங்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது தொடங்குவது பிறப்புச் சான்றிதழில். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் முதலில் கேட்பவை தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் ஆகிய மூன்றும்தான். முதலிரண்டின் மூலப்பிரதியையும் போட்டோப் பிரதியையும் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சொல்வதற்கு இலகு. ஆனால் மலையக மக்களுக்குப் பத்திரம் என்பது வெறும் கடதாசியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 இல்தான் தீர்மானிக்கப்பட்டது. இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அடையாள அட்டை இல்லாத காரணத்தால் யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறக்கப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்ட எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்!

உரிமை கிடைத்தாலும் பதிவேடுகளில் இருந்த பிழைகள் அப்படியே தங்கிவிட்டன. தோட்டத்தில் பிறந்த குழந்தையின் விபரம் தோட்ட நிருவாகத்தின் ஊடாகவே பதிவாளருக்குப் போனது. தாய் சொன்ன பெயரைக் கணக்கப்பிள்ளை ஒருவிதமாகக் கேட்டு எழுதினார். எழுத்தர் அதை இன்னொரு மொழியில் வேறுவிதமாக எழுதினார். லெச்சுமி, லட்சுமி, இலட்சுமி என்று ஒரே பெயர் மூன்றாக நிற்பதை நான் அடிக்கடி காண்கிறேன். தாய்க்கு இவை மூன்றும் ஒரே பிள்ளைதான். அலுவலக மேசைக்கு அவை மூன்று ஆட்கள்.

ஒரு பெயர், இரண்டு பத்திரம்

அக்காவின் பத்திரங்களை லயத்துக் காம்பராவில் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மூலப் பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்து போயிருந்தது. நல்லவேளையாகப் பதிவேட்டில் பெயர் இருந்ததால், மாவட்டப் பதிவாளர் பிரிவில் தேடி உறுதிப்படுத்திய பிரதியொன்றை எடுத்துக்கொண்டோம். அதில் அவருடைய பெயரும் தகப்பனின் பெயரும் இருந்தன.

அடையாள அட்டையோ முகாமில் நடந்த நடமாடும் சேவையில் எடுத்தது. அதில் அவருடைய பெயரின் முன்னால் இருந்தது கணவரின் பெயர். அவரே அப்படிச் சொல்லி எழுதுவித்திருக்கிறார். போதாததற்குப் பெயரில் ஓர் எழுத்தும் மாறியிருந்தது.

கணவரின் பெயரை அப்படியே வைத்திருக்க வேண்டுமானால் விவாகச் சான்றிதழ் வேண்டும். அவர்களுக்குக் கோவிலில் தாலி கட்டித்தான் திருமணம் நடந்தது, பதிவு நடக்கவில்லை. யுத்த காலத்தில் வன்னியில் அப்படி வாழ்க்கைப்பட்ட பெண்கள் பலர். கணவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கும் பதியலாம். அவர் இல்லை.

அடையாள அட்டையைப் பிறப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவதுதான் எஞ்சிய வழி. அதாவது, கணவரின் பெயரை எடுத்துவிட்டுத் தகப்பனின் பெயரைப் போட வேண்டும்.

நான் இதை விளக்கிச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரு வீடும் இல்ல, படமும் இல்ல, எல்லாம் அங்கேயே போயிருச்சு. இதுல மட்டுந்தான் இருக்காரு. இதையும் எடுக்கச் சொல்றீங்களா மிஸ்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். படித்த படிப்பில் இதற்கு எங்கும் விடை எழுதியிருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். முடிவை எடுக்க உதவியவன் மூத்த மகன். வன்னியில் பிறந்து வளர்ந்ததால் இன்றும் அந்த ஊர்த் தமிழே பேசுகிறவன். "அம்மா, அப்பான்ர பேர் என்ர பிறப்புச் சான்றிதழில இருக்குத்தானே. அது காணும்" என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு வேலை தொடங்கியது. இரண்டு பெயரிலும் இருப்பவர் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்தோம். அடையாள அட்டைத் திருத்தத்துக்கான விண்ணப்பத்தை உறுதிப்படுத்த வேண்டியவர் கிராம உத்தியோகத்தர். தோட்டங்களில் வசிப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரும் உறுதிப்படுத்தலாம். பிரதேச செயலகம் ஊடாக அது ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போனது. கொரோனாவால் அலுவலகங்கள் இடையிடையே மூடப்பட்டதால் திருத்திய அட்டை வர ஏழு மாதம் பிடித்தது.

ஓர் அலுவலகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேசையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. "நாளைக்கு யாராவது தெரிந்தவரோடு வாருங்கள்" என்று அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது 2021 மார்ச்சில்தான். ஒருமுறை திரும்பி வருவதென்றால் அந்த நாட்பேரும் போய், பஸ் கூலியும் போய்விடும். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் சேவை கேட்பது உதவி கேட்பதல்ல, உரிமை கேட்பது. அடுத்த முறை அக்காவே அதைச் சொன்னார். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைப் பின்னறையிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் முதல் நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

குறுக்கு வழிக்காரர்

காத்திருந்த மாதங்களில் எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்தது. நகரத்தில் ஒருவர், "பரீட்சையும் வேண்டாம், பெயரும் திருத்த வேண்டாம், லைசனைக் கையில் தருகிறேன்" என்று சொல்லி 15,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அக்கா காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதரின் தொலைபேசி இரண்டு வாரத்தில் நின்றுபோனது.

ஏமாந்தது அவருக்கு வெட்கமாக இருந்ததால் என்னிடம் ஒளித்துவிட்டார். வெட்கப்பட வேண்டியவர் அவரல்ல. ஆனாலும் சகோதரிகளே, ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த மனிதர் சொன்னபடி ஓர் அட்டையைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். போலி அட்டையோடு பிடிபடுவது குற்றம். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டி விபத்துக்குள்ளாகும்போது, ஓட்டியவரிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் காப்புறுதியும் கைகொடுக்காது.

பரீட்சைகள்

பத்திரம் சரியான பிறகு மருத்துவச் சான்றிதழ். இதைத் தருவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம். தலைமையகம் நுகேகொடையில் இருந்தாலும் வேறு மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. கண் பார்வை, செவிப்புலன், இரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்க்கிறார்கள். சான்றிதழ் 6 மாதத்துக்கே செல்லும் என்பதால், பெயர்த் திருத்தம் முடியும் முன்னர் இதை எடுத்து வைத்து வீணாக்க வேண்டாம். யுத்தத்தில் கையிலோ காலிலோ காயப்பட்ட சகோதரிகள் தங்களால் முடியாது என்று தாங்களே தீர்ப்பெழுதிவிட வேண்டாம். சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். தீர்மானிக்க வேண்டியவர் அவர்.

அடுத்தது எழுத்துப் பரீட்சை. வீதிச் சமிக்ஞைகளும் வீதி ஒழுங்குகளும் பற்றிய பல்தெரிவு வினாக்கள், தமிழிலேயே எழுதலாம். அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சமிக்ஞைப் பலகைகளின் படங்களை மகள் கொப்பியில் வரைந்து கொடுத்தாள். பிரட்டுக்களத்துக்குப் போகும் வழியில் அதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியதாக அக்கா சொன்னார். 2022 பெப்ரவரியில் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து பயிலுனர் அனுமதிப்பத்திரம் பெற்றார். அது 18 மாதம் செல்லுபடியாகும். பெற்று 3 மாதம் சென்ற பிறகுதான் செய்முறைப் பரீட்சைக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டி, அனுமதிப்பத்திரம் உள்ள பயிற்றுநருடன்தான் ஓட்ட வேண்டும்.

விண்ணப்பத்தில் வாகன வகுப்பைச் சரியாகக் குறியுங்கள். முச்சக்கர வண்டிக்கு 'பி1', காருக்கு 'பி', மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ' அல்லது 100 சிசி வரை 'ஏ1', லாண்ட்மாஸ்டருக்கு 'ஜி1'. அக்கா பி1 இற்கும் ஜி1 இற்கும் சேர்த்து விண்ணப்பித்தார். "அதுதானே மிஸ் என்னோட முதல் வண்டி" என்றார்.

அந்த ஆண்டு நடுப்பகுதியில் நாட்டில் பெற்றோலே இல்லாமற் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பயிற்சி நின்றது. ஆண்டிறுதியில் செய்முறைப் பரீட்சைக்குப் போனவர் முச்சக்கர வண்டியில் சித்தியடையவில்லை. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் போய்விட்டது. வன்னியின் சமதரையில் பழகிய கைக்கு மலைநாட்டுப் பாதை வேறு பாடம். இறக்கத்தில் கியரை விடுவித்து ஓடவிடக்கூடாது, வளைவில் மேலே ஏறி வரும் வண்டிக்கு இடம் விட வேண்டும், பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்திப் போட வேண்டும். இவற்றையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பப் பழகினார். 2023 மார்ச்சில் சித்தியடைந்தார். அட்டைத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் முதலில் கிடைத்தது தற்காலிகக் கடதாசிதான். அட்டை பின்னர் தபாலில் வந்தது.

தபால் என்றதும் தோட்டத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கடிதங்கள் லயத்துக்கு வருவதில்லை, தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடுகின்றன. விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதாமல், பிரிவின் பெயர், லயத்து இலக்கம், தபாலகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொலைந்து போனால்

இது என் சொந்த அனுபவம். 2019 இல் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் என் கைப்பை களவு போனது. ஸ்கூட்டி ஓட்ட எடுத்திருந்த அனுமதிப்பத்திரமும் அதோடு போய்விட்டது. முதலில் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற வேண்டும். அந்தப் பிரதி, அடையாள அட்டை, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றைக் கொண்டு வெரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ கட்டணம் செலுத்தி இணைப்பிரதி பெறலாம். நான் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொப்பியில் குறித்து வைத்திருந்ததால் என் வேலை சீக்கிரம் முடிந்தது. என்னோடு வரிசையில் நின்ற பெண்ணிடம் இலக்கம் இருக்கவில்லை, அவர் இரண்டாம் முறையும் வர வேண்டியிருந்தது.

இடம்பெயர்வின்போது அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்த பெண்கள் சிலர், "எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாக்கும்" என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டார்கள். ஒருமுறை முறைப்படி பெற்ற அனுமதிப்பத்திரம் திணைக்களத்தின் பதிவில் இருக்கும். பழைய போட்டோப் பிரதியோ, இலக்கமோ ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போய் விசாரியுங்கள்.

புதுப்பிக்கவும் மறக்க வேண்டாம்

இலகு வாகனங்களுக்கான அட்டையை 8 ஆண்டுக்கு ஒருமுறையும் கனரக வாகனங்களுக்கான அட்டையை 4 ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புதிய மருத்துவச் சான்றிதழ் தேவை. முகவரி மாறினாலோ, திருமணத்தால் பெயர் மாறினாலோ, அதற்கான பத்திரத்தைக் காட்டி அனுமதிப்பத்திரத்திலும் மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் அடையாள அட்டை, பிறகுதான் அனுமதிப்பத்திரம். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு தரம் அலைய நேரிடும். மோட்டார் சைக்கிளுக்கு எடுத்தவர் பின்னர் முச்சக்கர வண்டியையும் சேர்க்க விரும்பினால், அந்த வகுப்புக்குச் செய்முறைப் பரீட்சை எழும்பும். கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் போகுமுன் தொலைபேசியில் கேட்டறிந்து, முன்பதிவு வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியுலகிலும் இதே பயணம்

மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் எத்தனையோ பெண்கள் வீட்டுப் பணிக்காகச் சவூதி அரேபியா போயிருக்கிறார்கள். அந்த நாட்டில் பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதி கிடைத்தது 2018 ஜூன் 24 ஆம் திகதிதான். எங்கள் குழுவில் உள்ள ஒருவர் அப்போது அங்கே வேலையில் இருந்தவர். தன் எசமானி முதன்முதலாகக் காரை எடுத்த நாளில் பின்னாசனத்தில் தானும் இருந்ததாகச் சொல்லுவார். "அவங்க கை நடுங்குச்சு. ஆனாலும் ஓட்டுனாங்க" என்பார். சென்னையிலும் 2025 மார்ச் 8 பெண்கள் தினத்தன்று பெண்கள் ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோக்களைத் தமிழ்நாட்டு அரசு தொடக்கி வைத்தது. நமக்கோ சட்டத்தில் தடை ஏதும் இல்லை. தடையாக இருப்பவை பத்திரங்களும் பார்வைகளும்தான்.

இன்றைக்கு அந்த அக்கா

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியல்ல. வண்டி இன்னும் அவருக்குச் சொந்தமில்லை, நாள் வாடகை கொடுக்கிறார். லீசிங் எடுக்க வேண்டாம் என்று நானே தடுத்து வைத்திருக்கிறேன். மழை நாட்களில் வாடகைக்கே உழைப்பு சரியாகிவிடுகிறது. தரிப்பிடத்தில் ஆரம்பத்தில் இரண்டு பேர் இடம் கொடுக்க மறுத்தார்கள். இப்போது அவர்களில் ஒருவரின் மகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போவது அக்காதான். ஒன்பது பிள்ளைகளை இரண்டு தடவையாக ஏற்றி இறக்குகிறார். "ஒரே தடவையில ஏத்தினாக் காசு மிச்சம்தான். ஆனா அன்னைக்குப் பெட்டியில ஏத்திக்கிட்டுப் போனதே போதும் மிஸ். இனிமே அளவாத்தான் ஏத்துவேன்" என்கிறார்.

அடகு வைத்த தோட்டைப் போன சித்திரைக்கு மீட்டுவிட்டார்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை

* உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இருந்தால் விவாகச் சான்றிதழ் மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். முதலெழுத்து, தகப்பனின் பெயர், பிறந்த திகதி மூன்றையும் ஒப்பிடுங்கள்.

* அடையாள அட்டை இலக்கத்திலும் உங்கள் பிறந்த நாள் இருக்கிறது. ஆண்டைக் குறிக்கும் எண்களுக்கு அடுத்த மூன்று எண்கள், பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கணக்கிட்டால் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1981 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 81532 என்றும், 2016 முதல் வந்த 12 இலக்க எண்ணாயின் 1981532 என்றும் தொடங்கும். உங்களுடையது பொருந்தவில்லையென்றால் திகதியில் பிழை இருக்கக்கூடும்.

* பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். பதிவு இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலங்கடந்த பதிவு செய்யவோ உத்தேச வயதுச் சான்றிதழ் பெறவோ என்ன வேண்டுமென்று கேளுங்கள்.

* எல்லாப் பத்திரங்களிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். வீட்டை விட்டு ஓடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

* யாருக்கும் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாகனம் ஓட்டும் எண்ணம் உங்களுக்கு இன்றைக்கு இல்லாமலிருக்கலாம். நாளைக்கு உங்கள் மகளுக்கு வரலாம். அப்போது அவள் கேட்கப்போவது உங்களுடைய பத்திரங்களையும்தான். தாயின் பெயர் தாயின் சான்றிதழில் சரியாக இருந்தால், மகளின் பாதை ஒரு வளைவாவது குறையும்.